சூடு ஏறிய பிறகு போன் போட்டால்...

கேள்வி: "டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. கணவர் சொந்தமாக ஒரு லாரி வைத்து அவரே ஓட்டுகிறார். லைனுக்குப் போனால் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனக்கு பீரியட்ஸ் சில மாசம் 28 நாளில் வரும், சில மாசம் 35ஐத் தாண்டும். தைராய்டு டெஸ்ட் நார்மல். ஸ்கேனில் லேசாக நீர்க்கட்டி இருக்கிறது என்றார்கள். 21ஆம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முட்டை வெடிக்கவில்லை என்றார்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு மூன்று மாசமாகக் காலையில் தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் எழுதி வருகிறேன். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது மாசம் சூடு ஏறிய அன்றைக்கே அவருக்கு போன் போட்டேன். விஜயவாடாவில் லோடு இறக்கியவர், ரிட்டர்ன் லோடுக்குக் கூடக் காத்திருக்காமல் காலி வண்டியோடு வந்தார். அப்படியும் தங்கவில்லை. மூன்றாவது மாசம் சூடே ஏறவில்லை. எனக்கு உடம்புச் சூடு அதிகம், அதனால்தான் நிற்கவில்லை என்கிறார் மாமியார். நடுவில் வெள்ளைப்படுதல் வேறு. அவர் மூன்று மாசம் லைனுக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கட்டுமா? ஊர், பேர் போட வேண்டாம்."

– கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

நோட்டுப் பக்கங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். என் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குக் கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியே நினைவிருக்காது. நீங்கள் தேதி, எத்தனையாவது நாள், காலை வெப்பநிலை என்று மூன்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதோடு ஓரத்தில் இரண்டு அடையாளங்கள். கணவரோடு சேர்ந்த நாட்களுக்குப் பென்சிலில் ஒரு நட்சத்திரம். சில நாட்களுக்குச் சிவப்பு மையில் 'வெ' என்று ஒரு எழுத்து. வெள்ளைப்படுதல் என்று புரிந்துகொண்டேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்த ஓரத்திலேயே பதில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். எல்லாரும் "முட்டை வெடிக்கிறது" என்கிறோம், டாக்டர்களும் அப்படித்தான் பேசுகிறோம். உண்மையில் வெடிப்பது முட்டையைச் சுற்றியிருக்கும் சின்ன நீர்ப்பை. முட்டை வெளியே வந்ததும் அந்தக் காலிப் பை சும்மா கிடக்காது. மஞ்சளாக மாறி, புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும். கார்ப்பஸ் லூட்டியம் என்று அதற்குப் பெயர். அந்தப் புரோஜெஸ்டிரான் மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குப் போய், அங்கே வைத்திருக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. அரை டிகிரி ஃபாரன்ஹீட், சிலருக்கு அதைவிடச் சற்றுக் கூட. கையை வைத்துப் பார்த்தால் தெரியாது, உங்களுக்கே உணர முடியாது. காலையில் எழுந்திருக்கும் முன் வைக்கும் தெர்மாமீட்டருக்கு மட்டும் தெரியும். கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பை வாடிவிடும். புரோஜெஸ்டிரான் இறங்கும், சூடு இறங்கும், மாதவிலக்கு வரும். இந்த ஏற்றத்துக்கும் முட்டைப்பைக்கும், அதாவது முட்டை உருவாகும் சினைப்பைக்கும், தொடர்பு இருக்கிறது என்று வான் டி வெல்டே என்ற நெதர்லாந்து மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். வீடியோக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

ஆக, மாமியார் சொல்லும் உடம்புச் சூடும் இந்தச் சூடும் ஒன்றல்ல. 97.9 என்று பார்த்துவிட்டு "சொன்னேன்ல, சூடு" என்று அவர் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாவம், அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் அந்த 97.9 வந்ததற்கு நாம் சந்தோஷப்பட வேண்டும். முட்டை வெளியே வந்திருக்கிறது என்பதற்கு உடம்பு கொடுக்கும் ரசீது அது. வெந்தயம் சாப்பிடுங்கள், இளநீர் குடியுங்கள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். எதனாலும் அந்த ஏற்றம் குறையாது, குறைய வேண்டியதும் இல்லை.

இப்போது உங்கள் மூன்று மாதங்களுக்கு வருவோம்.

முதல் மாதத்தைப் படிக்கவே முடியவில்லை. வரைபடம் போட்டுப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. தேதிகளைக் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் சூடு கூட இருக்கிறது. மற்ற நாள் ஐந்தரைக்கு எடுத்தவர், ஞாயிறு ஏழரை, எட்டு மணிக்கு எடுத்திருப்பீர்கள். விடியற்காலையிலிருந்து உடம்பின் வெப்பம் தானாகவே மெல்ல ஏறிக்கொண்டு போகும். இரண்டு மணி நேரம் தள்ளி எடுத்தால் அந்த ஏற்றம் வேறு, முட்டையால் வந்த ஏற்றம் வேறு என்று பிரிக்க முடியாது. இன்னொன்று, நீங்களே அடிக்குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள்: "தண்ணி வரும் நாள், எழுந்து மோட்டார் போட்டுட்டு வந்து படுத்து எடுத்தேன்." அது செல்லாது. எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டாலே தசைகள் வேலை செய்ய ஆரம்பித்துவிடும், கணக்கு கெட்டுவிடும். குறைந்தது மூன்று, நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கி எழுந்ததும், பாத்ரூமுக்குக் கூடப் போகாமல், பேச ஆரம்பிக்காமல், முதல் வேலையாக எடுக்க வேண்டும். மருமகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மாமியார் துடிக்கிறார் அல்லவா, மோட்டார் சுவிட்சை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

தெர்மாமீட்டரைத் தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டு படுங்கள். நாக்குக்கு அடியில், சற்று உள்ளே தள்ளி, ஓரமாக வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாய் திறந்து தூங்குபவர்களுக்கு அளவு கொஞ்சம் குறைத்துக் காட்டும். உங்களிடம் இருப்பது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல்தான், புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் காட்டுகிறது. ஆரம்பத்துக்கு அது போதும். இரண்டு எண் காட்டுவது இதற்கென்றே விற்கிறது, கிடைத்தால் வாங்கலாம். நெற்றிக்கு நேராக நீட்டும் கொரோனா காலத்துத் துப்பாக்கி மட்டும் வேண்டாம். நாம் தேடுவது அரை டிகிரி, அது அந்த அளவுக்குத் தப்பாகவே காட்டிவிடும். மாதத்தின் நடுவில் தெர்மாமீட்டரை மாற்றவும் கூடாது. காய்ச்சல், ராத்திரி சரியாகத் தூங்காதது, பஸ்ஸில் பயணம் என்று ஏதாவது இருந்தால் அந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போங்கள், அந்த அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது மாதம் பிரமாதம். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தவே எடுத்துப் போகலாம். 14ஆம் நாள் 97.1. அடுத்தடுத்த நாட்களில் 97.3, 97.2, 97.4, 97.2. 19ஆம் நாள் 97.1. இருபதாம் நாள் காலை 97.6. மறுநாள் 97.8, அதற்கு மறுநாள் 97.9. அங்கிருந்து 32ஆம் நாள் வரை ஒரே சீராக மேலேயே நிற்கிறது. 33ஆம் நாள் 97.3க்கு விழுந்து, மறுநாள் காலை மாதவிலக்கு.

இதைப் படிக்க எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. தொடர்ந்து மூன்று நாள் அளவு, அதற்கு முந்தைய ஆறு நாளில் இருந்த எல்லா அளவையும் விட மேலே இருக்க வேண்டும். மூன்றாவது நாள் அளவு அந்த ஆறில் உச்சமானதைவிட 0.4 டிகிரியாவது கூட இருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்கள் ஆறு நாளின் உச்சம் 97.4. மூன்றாவது நாள் 97.9. தாராளமாகத் தேறிவிட்டது. முட்டை வெளியே வந்தது ஏறக்குறைய 19ஆம் நாள், ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

சரி, அந்த மாதத்தின் நட்சத்திரங்கள் எங்கே இருக்கின்றன? 12, 13. அப்புறம் 21, 22. நடுவில் ஒன்றுகூட இல்லை.

என்ன நடந்தது என்று ஊகிக்க முடிகிறது. செல்போன் ஆப் 14ஆம் நாள் முட்டை வெடிக்கும் என்று காட்டியிருக்கும். அதை நம்பி 12, 13. ஆப் சொன்ன நாள் முடிந்தது என்று கணவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இருபதாம் நாள் காலை சூடு ஏறியதைப் பார்த்துவிட்டு நீங்கள் போன் போட, அவர் ரிட்டர்ன் லோடையும் விட்டுவிட்டு, கைக்காசில் டீசல் போட்டுக்கொண்டு, விழுந்தடித்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது 21ஆம் நாள் ராத்திரி. வெளியே வந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். சூடு ஏறுவதோ முட்டை வந்த பிறகு, அனேகமாக மறுநாள். நீங்கள் போனை எடுத்தபோதே அந்த மாத ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் வண்டியைத் திருப்பியதில் அன்பு இருந்தது, பயன் இல்லை. இதைப் படித்துவிட்டு அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், மனசு கஷ்டப்படப் போகிறார்.

சூடு ஏறினால் சேர வேண்டும் என்று நினைப்பது நீங்கள் மட்டும் இல்லை. என்னிடம் வரும் படித்த தம்பதிகளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெர்மாமீட்டர் நேற்றைய பேப்பர் மாதிரி. நடந்ததைத் துல்லியமாகச் சொல்லும், நடக்கப் போவதைச் சொல்லாது. 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், குழந்தைக்கு முயன்ற 221 பெண்களிடம் தினமும் சிறுநீர் வாங்கி, முட்டை எந்த நாளில் வந்தது என்று கணக்கிட்ட ஒரு ஆய்வு வந்தது. அதில் கரு தங்கியதெல்லாம் ஆறு நாள் இடைவெளிக்குள்தான். முட்டை வந்த நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாளும். முட்டை வந்த மறுநாளிலிருந்து சேர்ந்தவர்களில் யாருக்கும் தங்கவில்லை. காரணம் எளிது. முட்டைக்கு ஒரு நாள்தான் உயிர், விந்தணுவோ ஏற்ற சூழல் கிடைத்தால் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டைக்காக விந்தணு காத்திருக்கலாம், முட்டையால் காத்திருக்க முடியாது. உங்கள் இரண்டாவது மாதத்தில் அந்த ஆறு நாள் 14இலிருந்து 19 வரை. ஆறு நாளும் காலி.

அப்படியானால் அந்த நாள் வரப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? அதற்குத்தான் உங்கள் சிவப்பு மை. இரண்டாவது மாதத்தில் 'வெ' எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 16, 17, 18, 19. நாலு நாள். 18ஆம் நாளில் "ரொம்ப, முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுக்குது" என்று பொடி எழுத்தில் வேறு எழுதியிருக்கிறீர்கள். இருபதாம் நாளிலிருந்து 'வெ' இல்லை.

அது நோய் இல்லை அம்மா. முட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறும். அதைக் கண்டு கர்ப்பப்பை வாய் சுரக்கும் நீர் அது. மற்ற நாட்களில் கெட்டியாக அடைத்துக்கொண்டு விந்தணுவை உள்ளே விடாது. இந்த நாலைந்து நாள் மட்டும் தெளிவாக, வழுவழுப்பாக, இரண்டு விரலுக்கு நடுவில் அறுந்துபோகாமல் நீளும். விந்தணு நீந்திப் போவதற்கும், உள்ளே போய் உயிரோடு காத்திருப்பதற்கும் உடம்பே வெட்டி வைக்கும் வாய்க்கால். தெர்மாமீட்டர் நேற்றைய பேப்பர் என்றால் இது நாளைய வானிலை அறிக்கை. நம் ஊரில்தான் எல்லாவற்றையும் ஒரே 'வெள்ளைப்படுதல்' என்ற வார்த்தையில் போட்டு அடைத்துவிட்டு, எலும்பு உருகுகிறது, சத்தெல்லாம் போகிறது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறோம். மாமியார் நாட்டு மருந்து வாங்கிக் கொடுத்து, அந்த நாட்களில் கணவரோடு சேரக் கூடாது என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். எந்த நாலு நாள் சேர வேண்டுமோ, அதே நாலு நாள் பத்தியம்!

எது நோய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, தயிர்த் திரி மாதிரி கட்டி கட்டியாக வருவது, மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவது, அடிவயிற்று வலியோடு வருவது என்றால் டாக்டரிடம் காட்டி மருந்து எடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

அடுத்து அந்த 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. புரோஜெஸ்டிரான் 1.6 என்று இருக்கிறது. 3க்கு மேல் இருந்தால்தான் முட்டை வந்ததாக அர்த்தம், அதனால் "வெடிக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்தேன். அது இதே இரண்டாவது மாதம்! 19ஆம் நாள் முட்டை வந்திருக்கிறது, 21ஆம் நாள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மஞ்சள் பை அப்போதுதான் அடுப்பே பற்ற வைத்திருக்கும், அதற்குள் சோறு வெந்ததா என்று பார்த்தால்? புரோஜெஸ்டிரான் உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 21ஆம் நாள் என்ற கணக்கு 28 நாளைக்கு ஒருமுறை வருபவர்களுக்கு. சரியான விதி, அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு. உங்களுக்கு அந்த மாதம் 26ஆம் நாள் வாக்கில் எடுத்திருக்க வேண்டும். அடுத்த முறை சூடு ஏறியதிலிருந்து ஆறாவது, ஏழாவது நாளில் ரத்தம் கொடுங்கள். தெர்மாமீட்டரால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு பெரிய லாபம் இதுதான்.

இந்த 14ஆம் நாள் என்ற எண் எங்கிருந்து வந்து நம் தலையில் உட்கார்ந்தது என்பதும் ஒரு கதை. ஜப்பானின் நீகாட்டா நகரத்தில் ஒகினோ என்று ஒரு மருத்துவர். அறுவை சிகிச்சையின்போது பெண்களின் முட்டைப்பைகளை நேரில் பார்த்து, அவர்களுடைய மாதவிலக்குத் தேதிகளோடு ஒப்பிட்டு, 1924இல் ஒரு முடிவுக்கு வந்தார். முட்டை வருவது அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்பு. கவனியுங்கள், அவர் எண்ணியது பின்னாலிருந்து முன்னே. நாம் அதை முன்னாலிருந்து பின்னே எண்ண ஆரம்பித்துவிட்டோம். 28 நாள்காரர்களுக்கு எப்படி எண்ணினாலும் 14 வரும், மற்றவர்களுக்கு வராது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் பெரும்பாலும் முட்டை வருவதே தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம், பின்பாதி அவ்வளவாக மாறாது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான மாதச் சுழற்சிகளை அலசி 2019இல் வந்த ஆய்வில் முன்பாதி சராசரியாக 16.9 நாள், பின்பாதி 12.4 நாள். சராசரிப் பெண்ணுக்கே 14 பொருந்தவில்லை. மாதவிலக்குத் தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு முட்டை நாளைக் காட்டும் ஆப் எதுவாக இருந்தாலும் அது போடுவது வெறும் கழித்தல் கணக்கு. உங்கள் உடம்புக்குள் அது எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதத்துக்கு வருகிறேன். 37 நாள், கடைசி வரை 97.1இலிருந்து 97.5க்குள். நடுவில் இரண்டு நாள் 99.8, 100.2. பக்கத்தில் "வைரல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டையும் அடித்துவிட்டால் கோடு படுத்துக் கிடக்கிறது. அந்த மாதம் முட்டை வராமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சல், ஊர் மாற்றம், வீட்டில் ஒரு சாவு, எடை சட்டென்று ஏறுவது, இறங்குவது என்று எதனாலும் ஒரு மாதம் முட்டை தவறும். முட்டை ஒழுங்காக வந்தும் சூடு ஏறாமல் போகும் பெண்களும் உண்டு. ஒரு மாதக் கோட்டை வைத்து ஒன்றும் முடிவு கட்டக் கூடாது. தொடர்ந்து மூன்று மாதம் இப்படியே இருந்தால் அப்போது பார்க்கலாம்.

நீர்க்கட்டிக்கும் அதே பதில்தான். ஸ்கேனில் சின்னச் சின்னப் பைகள் நிறையத் தெரிந்த மாத்திரத்தில் அது நோயாகிவிடாது. மாதவிலக்கு மிகவும் தள்ளிப் போவது, முகத்தில் முடி வளர்வது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது போன்றவையும் சேர்ந்தால்தான் பிசிஓஎஸ் என்போம். ஒரு எச்சரிக்கை மட்டும். மெடிக்கல் ஷாப்பில் முட்டை வரும் நாளைக் கண்டுபிடிக்க ஒரு பட்டை விற்கிறது, கர்ப்பப் பரிசோதனைக் கார்டு மாதிரி. முட்டை வருவதற்கு ஒன்று, ஒன்றரை நாள் முன்பு ஏறும் எல்எச் ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும். நல்ல பொருள்தான். ஆனால் பிசிஓஎஸ் உள்ள சிலருக்கு எல்எச் எப்போதுமே கூட இருக்கும், பட்டை தினமும் இரண்டு கோடு காட்டி ஏமாற்றும். வாங்கினால் அதையும் நோட்டில் எழுதுங்கள். பட்டை காட்டிய பிறகு சூடு ஏறுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் மூன்று பக்கம். தைராய்டு, ஸ்கேன், புரோஜெஸ்டிரான், பத்தியம், வெந்தயம் எல்லாம் இருக்கிறது. கணவருக்கு என்ன பரிசோதனை செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை உங்களுக்குச் செய்த எதையும்விட எளிது, மலிவு, வலி இல்லாதது. இரண்டிலிருந்து ஏழு நாள் வரை சேராமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். லாரி ஓட்டுபவருக்கு இதை நான் அழுத்தியே சொல்வேன். சூடு விஷயத்தில் மாமியார் சொல்வது ஒரு இடத்தில் பொருந்தும், அது மகன் விஷயத்தில். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே, உடம்பைவிட இரண்டு, மூன்று டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். கேபினில் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடக்கட்டும், இறுக்கமான உள்ளாடை வேண்டாம். தூக்கம் வராமல் இருக்கப் புகையிலை போடுகிறார் என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம் ஆகும், அதனால் இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். 35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு வருஷம் முயன்றும் தங்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. சரியான நாட்களில் சேரவில்லை என்பது உண்மைதான், இருந்தாலும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், அளவை உங்கள் டாக்டரே சொல்வார்.

"என் அக்கா இதே முறையைக் குழந்தை வேண்டாம் என்பதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறாள்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்காவைப் போலக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, ராத்திரி நாலு முறை எழுந்திருப்பவருக்கு இது ஆகாது. தூக்கமே இல்லாதபோது எந்தச் சூட்டை நம்புவது? காப்பர் டி போன்ற வேறு வழிகளைப் பற்றி டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.

கணவர் மூன்று மாதம் லைனுக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டாம். வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும், அதோடு தினமும் "இன்னிக்கா, இன்னிக்கா" என்று இரண்டு பேரும் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் இருக்கும் ஆசையும் போய்விடும். தேவை அதைவிடக் குறைவு. உங்கள் மாதங்கள் போகும் போக்கைப் பார்த்தால், தலைக்குக் குளிப்பதை விடுங்கள், உதிரம் பட்ட முதல் நாளிலிருந்து எண்ணி, பத்தாம் நாள் தொடங்கி இருபதாம் நாள் வரை அவர் பக்கத்து லோடாக எடுக்கட்டும். ஓசூர், பெங்களூரு, சென்னை என்று ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரியில் திரும்புகிற மாதிரி. ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். 'சேர்த்து வைத்தால் சத்து கூடும்' என்று பத்து நாள் விலகியிருப்பவர்கள் உண்டு, அதில் பலன் இல்லை. சிவப்பு மையில் 'வெ' எழுத ஆரம்பித்தீர்கள் என்றால் அன்றைக்கே போன் போடுங்கள். அது முடியும்வரை அவர் வீட்டில் இருக்கட்டும். எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு மாதத்தில் தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20, 25தான். முதல் மாதமே விசேஷம் இல்லையே என்று நோட்டை மூடிவிடாதீர்கள். ஏறிய சூடு 18 நாள் தாண்டியும் இறங்கவில்லை என்றால் கார்டு வாங்கிப் பாருங்கள். முழுகாமல் இருப்பதை அந்தக் காலத்தில் நாள் எண்ணித்தான் கண்டார்கள், உங்களுக்குத் தெர்மாமீட்டரும் சேர்ந்து சொல்லும்.

அப்புறம், சூடு ஏறி மூன்று நாள் மேலேயே நின்றுவிட்டதா, அந்த மாத வேலை முடிந்தது. விஜயவாடாவோ நாக்பூரோ, தூரத்து லோடை அவர் அன்றைக்கு ஏற்றட்டும். திரும்பும்போது ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை நிதானமாகவே காத்திருக்கலாம்.